முகம் காட்டாத மனைவி

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் பொழுது சுருங்கிக்கொண்டே வரும். மரங்கள் இலை உதிர்க்கும். வீட்டார் சீக்கிரமே விளக்கைப் போட்டுக்கொண்டு டெலிவிஷன் முன் கூடிவிடுவார்கள். புதிய தொடர்கள் ஆரம்பமாகும் பருவமும் அதுதான்.

1971 செப்டம்பர் 15ஆம் தேதி அப்படித்தான் 'கொலம்போ' துப்பறியும் கதை தொடராக ஆரம்பமாயிற்று. அன்றைய கதையை இயக்கியவர் 24 வயது வாலிபர். பெயர், ஸ்டீவன் ஸ்பீல்பர்க்!

கொலையாளி யார் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பணமும் கர்வமும் நிறைந்த பெரிய மனிதர். அவரைத் தேடி வருகிறவரோ, கசங்கிய மழைக்கோட்டும் ஓட்டைக் காருமாக ஒரு போலீஸ்காரர். அந்த வேடத்தில் நடித்த பீட்டர் ஃபாக், தம் சொந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வந்தாராம்!

'இந்த அசடா நம்மைப் பிடிக்கப் போகிறது?' என்று கொலையாளி அலட்சியமாக வாயை விடுவார். கொலம்போவும் விடைபெற்று வாசல்வரை போவார். சட்டென்று திரும்பி ஒரு சின்னச் சந்தேகம் கேட்பார். அவ்வளவுதான், பெரிய மனிதருக்கு வியர்க்கும்!

பேச்சுக்குப் பேச்சு தம் மனைவியைப் பற்றிச் சொல்வார் கொலம்போ. ஆனால் அந்த அம்மாள் அவர் கதைகளில் ஒரு நாளும் தலைகாட்டியதில்லை. யாருக்குத் தெரியும், அந்தச் சந்தேகம் கேட்கும் வித்தையே அவளிடம் கற்றதோ என்னவோ!

"உனக்கென்ன தெரியும்?" என்று மனைவியின் வாயை அடைக்கும் கணவன்மார்கள் இந்தத் தொடரை ஒரு தடவை பார்ப்பது நல்லது. அடுத்த முறை அவள் வாசற்படியில் நின்று ஏதாவது கேட்டால், கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்வார்கள்!