வரையறை கொஞ்சம் காத்திருக்கட்டும்

கணிதத்தில் 'குலம்' என்றால் என்ன என்று கலைக்களஞ்சியத்தைப் புரட்டும் பி.எஸ்சி. முதலாண்டு மாணவிக்குப் பெரும்பாலும் இப்படித்தான் விடை கிடைக்கும்: ஒரு கணமும் அதன்மீது வரையறுக்கப்பட்ட ஈருறுப்புச் செயலியும் அடைவு, சேர்ப்பு, சமனி, எதிர்மறை ஆகிய விதிகளை நிறைவு செய்தால் அது குலம். இதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. ஏற்கெனவே தெரிந்தவர் தலையாட்டுவார். தெரிந்துகொள்ள வந்தவள் பக்கத்தை மூடிவிடுவாள்.

கணிதம் என்றாலே கடினம்தானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கட்டுரை தொடங்கும் இடம்தான் தவறு.

ஒரு சதுரக் காகிதத்தை எடுத்து, மூலைகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயரிடலாம். அது கிடந்த இடத்திலேயே பொருந்தும்படி கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று திருப்பலாம், சும்மாவும் விடலாம். நான்கு விதமாகப் புரட்டிப் போடவும் முடியும். ஆக மொத்தம் 8 செயல்கள். இவற்றில் எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் விளைவு அந்த எட்டில் ஒன்றாகவே இருக்கும். அதுதான் அடைவு விதி. சும்மா விடுவது சமனி. கால் சுற்றை முக்கால் சுற்று ரத்து செய்கிறது; அது எதிர்மறை. கால் சுற்று திருப்பிவிட்டுப் புரட்டுவதும், புரட்டிவிட்டுத் திருப்புவதும் ஒன்றல்ல என்பதை மூலைகளின் பெயர்களே காட்டிவிடும். இவ்வளவையும் கையால் செய்து பார்த்தவளுக்கு, அந்த முதல் வாக்கியம் இப்போது புரியும்.

கணிதமே இந்த வரிசையில்தான் வளர்ந்தது. சமன்பாடுகளின் தீர்வுகளை ஆராய்ந்த எவரிஸ்ட் கால்வா, 1832இல் தன் 20ஆம் வயதில் இறந்தபோது, குலத்துக்கு இன்றைய வரையறை கிடையாது. ஆர்தர் கெய்லி அதைப் பொதுவான கருத்தாக எழுத முயன்றது 1854இல். வரையறை கடைசியில் வந்தது. கலைக்களஞ்சியமோ அதையே வாசலில் நிறுத்துகிறது.

ஏன்? விக்கிப்பீடியா போன்ற பொதுத்தளத்தில் வரையறையை எவரும் குறைசொல்ல முடியாது. விளக்க வாக்கியத்தை மட்டும் 'துல்லியமில்லை' என்று யாராவது திருத்திவிடுவார்கள். அப்படித் திருத்தித் திருத்தியே கட்டுரை நிபுணர்களுக்கானதாகிவிடுகிறது. அச்சில் நிலைமை வேறு: பெரியசாமித் தூரனின் ஆசிரியர் குழு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகத் தமிழ்க் கலைக்களஞ்சியத்தை வெளியிட்ட பிறகு, குழந்தைகளுக்கென்றே தனியாக இன்னொன்றை உருவாக்கியது. வாசகர் யார் என்று முதலில் முடிவுசெய்தார்கள். இணையத்தில் கல்லூரி மாணவிக்கும் ஆய்வாளருக்கும் ஒரே பக்கம்தான்.

மாற்று வழி கற்பனையல்ல. ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்ற டிமத்தி கவர்ஸ், எடுத்துக்காட்டு முதலில், பொதுவிதி பின்னால் என்று வெளிப்படையாகவே வாதிட்டவர். அவர் பதிப்பாசிரியராக இருந்து 2008இல் வெளிவந்த 'பிரின்ஸ்டன் கம்பேனியன் டு மேதமேட்டிக்ஸ்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். துல்லியத்தைக் கைவிடாமலேயே அது வாசகரைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறது.

எல்லாத் தலைப்பையும் இப்படி எளிதாக்கிவிட முடியாது என்பது உண்மைதான். முனைவர் பட்ட அளவிலான கருத்தைப் பள்ளி மாணவருக்கு ஒரு பக்கத்தில் சொல்ல முடியாது. ஆனால் அதை முதுகலை மாணவருக்குப் புரியும்படி எழுதலாம். முதுகலைப் பாடத்தை இளங்கலை மாணவருக்காக எழுதலாம். எப்போதும் ஒரு படி கீழே நிற்பவரை நினைத்து எழுதினால் போதும்.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவுக்கு இதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆங்கிலக் கட்டுரையின் முதல் பத்தியை அப்படியே பெயர்க்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் கரும்பலகையில் இயற்கணிதம் நடத்திய கல்லூரி ஆசிரியர்களுக்கு, மாணவர்கள் எந்த வரியில் தடுமாறுவார்கள் என்பது நன்றாகவே தெரியும். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளை மட்டுமாவது புதிதாக எழுதித் தர வேண்டும்.