கிராஃபிக்ஸ் கார்டின் மேல் பழி போடுமுன்

கணிப்பொறியில் விளையாடும் மாணவர்களிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறேன். படம் திக்கித் திக்கி நகர்ந்தாலோ, திரையில் கட்டங்கட்டமாக வண்ணங்கள் சிதறினாலோ, "கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று வீட்டில் உடனே அறிவித்துவிடுகிறார்கள். வேறு சிலர் டிரைவரை மாற்றி, கேபிளை மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் பதிந்து, எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்து முடிக்கிறார்கள். கோளாறு நின்றாலும் எதனால் நின்றது என்பது அவர்களுக்கே தெரியாது. தனி ஊசலின் நீளத்தையும் குண்டையும் வீச்சையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு அலைவு நேரத்தைக் குறிப்பீர்களா? ஆய்வுக்கூடத்தில் செய்யாததை வீட்டில் மட்டும் ஏன் செய்ய வேண்டும்?

அந்தக் கார்டு செய்யும் வேலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1920 × 1080 அளவுள்ள திரையில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. வினாடிக்கு 60 படங்கள் என்றால், ஒரு வினாடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை அது கணக்கிட்டாக வேண்டும். இதற்காக 200 வாட்டுக்கு மேல் மின்சாரம் உண்ணும் கார்டுகளும் உண்டு. உண்ட மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது.

ஆகவே கோளாறு எப்போது தோன்றுகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். விளையாட்டு பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மந்தமாகிறதா? அப்படியானால் வெப்பத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அளவுக்கு மேல் சூடேறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வினாடிக்கு 30 படங்கள் போதும் என்று விளையாட்டின் அமைப்பில் வரம்பு வைத்துப் பாருங்கள், வேறெதையும் தொடாதீர்கள். மந்தம் மறைந்தால், விசிறியில் அடைந்த தூசியைத் துடைப்பதே பாதி வைத்தியம். (மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு துடையுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். அதிலுள்ள மின்தேக்கிகள் இணைப்பை எடுத்த பின்பும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.)

தொடக்கத்திலிருந்தே மந்தம் என்றால் பெட்டியின் பின்புறம் பாருங்கள். திரையின் கேபிளைக் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டு, கார்டைத் திட்டுவோர் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்!

வண்ணங்கள் சிதறுவதற்கு எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று உண்டு. சிதறும் நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். அங்கும் சிதறல் தெரிந்தால், படம் உருவாகும்போதே கெட்டிருக்கிறது: கார்டு, அதன் நினைவகம், டிரைவர், அல்லது அந்த விளையாட்டே காரணமாகலாம். படம் சுத்தமாக இருந்தால், கேபிளையும் திரையையும் முதலில் விசாரியுங்கள். காசு செலவில்லாமல் சந்தேகத்தில் பாதி கழிந்துவிடுகிறது.

பழுதான கார்டைச் சமையல் அடுப்பில், அதாவது ஓவனில், 200 டிகிரியில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்ற வைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளில் பயன்பட்ட தன் முந்தைய சில்லுகள் சிலவற்றின் உறையமைப்புப் பொருளில் பலவீனம் இருப்பதாகக் கூறி, பழுது நீக்கும் செலவுக்கு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. அடிப்படை நீங்கள் படித்த வெப்ப விரிவுதான். சிலிக்கன் குறைவாக விரிகிறது. அதைத் தாங்கும் பலகை பல மடங்கு விரிகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய பற்றாசுப் புடைப்புகள், சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் இழுபடுகின்றன. மடக்கி மடக்கி நிமிர்த்திய கம்பி போல முடிவில் விரிசல் விடுகின்றன. காரீயம் மிகுந்த புடைப்புகள் உருக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். 200 டிகிரியில் அவை உருகுவதில்லை. விரிசலின் இரு முனைகளும் சிறிது காலம் தொட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. கார்டின் பிளாஸ்டிக் விடும் புகையோ, நாளை கேக் சுடப்போகும் ஓவனில் படிந்துவிடும்.

அப்படி விரிசல் விட்ட கார்டை மாற்றத்தான் வேண்டும். அப்போது தாராளமாக அப்பாவிடம் பணம் கேளுங்கள்; சோதனைகளைக் குறித்து வைத்த நோட்டையும் கூடவே காட்டுங்கள்.