கடைமடைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கல்முனைச் சந்தையிலே ஒரு கிலோ சீனி வாங்குகிறவருக்கும் சட்டத்தின் காவல் ஒன்று உண்டு. வியாபாரியின் தராசும் படிக்கற்களும் ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றாக வேண்டும். 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இத்தகைய காவலுக்கென்றே இயற்றப்பட்டது. மீன் விற்பவருக்கும் இவ்விதி உண்டு. நெல் நிறுப்பவருக்கும் உண்டு. ஆனால், மாதம் பிறந்ததும் கட்டணம் செலுத்தி நாம் வீட்டுக்குள் வாங்குகிற ஒரு பண்டத்துக்கு மட்டும் தராசு வாங்குபவர் கண்ணில் படுவதேயில்லை. அந்தப் பண்டம் இணையம்.

விற்பவர் சொல்வது என்ன? “செக்கனுக்கு 100 மெகாபிட் வரை” என்கிறார். இந்த ‘வரை’ என்னும் சொல்லைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். தொண்ணூறும் நூறு வரைக்குள் அடங்கும், ஒன்பதும் அடங்கும், ஒன்றுமேயில்லாமையும் அடங்கும். “ஒரு கிலோ வரை அரிசி தருகிறேன்” என்று சொல்லி அரைக் கிலோவைக் கட்டித் தருகிற வியாபாரியைச் சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ எவரும் பொறுத்துக்கொள்வாரா? அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் உண்டு. 83ஆவது அத்தியாயம் அது. அதனை ஓதக் கேட்டு வளர்ந்த வியாபாரிக்குத் தன் படிக்கல்லின் மீது அச்சம் இருக்கும். ‘வரை’ என்று அச்சிட்டு விற்பவருக்கு அந்த அச்சமும் தேவைப்படுவதில்லை. போதாக்குறைக்கு, வேகத்தை மெகாபிட்டில் விளம்பரம் செய்து, தரவை மெகாபைட்டில் கழிக்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்ததே ஒரு பைட். இந்த எட்டு மடங்கு வித்தியாசத்தை அறியாத தகப்பன், நூறு என்று கேட்டதும் மகிழ்ந்து கையொப்பம் இடுகிறான்.

வேகம் ஏன் குறைகிறது? கல்லோயா நீரை நம்பி வயல் செய்யும் நமது விவசாயிக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒரே வாய்க்காலிலிருந்து பல வட்டைகளுக்கு நீர் பாய வேண்டும். தலைமடைக்காரர் மடையைத் திறந்தபடி விட்டால் கடைமடை வயல் காய்கிறது. இணையமும் அத்தகைய வாய்க்காலே. ஓர் அலைக்கோபுரத்தின் கொள்ளளவை அதைச் சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் பங்கிட்டுக்கொள்கின்றன. கோபுரத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் தடத்தையும், அங்கிருந்து கடல் கடக்கும் தடத்தையும் இன்னும் பெருந்தொகையினர் பங்கிடுகின்றனர். எல்லாரும் ஒரே வேளையில் பயன்படுத்தமாட்டார்கள் என்ற நம்பிக்கையிலேயே இருப்பதைவிடப் பன்மடங்கு விற்கப்படுகிறது. இரவு எட்டு மணிக்கு எல்லாரும் வந்துவிடுகிறார்கள். அப்பொழுது வாய்க்கால் வற்றுகிறது.

கல்முனையின் நிலையில் ஒரு விசித்திரமும் உண்டு. நமது ஊர்கள் கடலை நோக்கி அமர்ந்திருக்கின்றன. ஆனால் ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கடலடிக் கேபிள்கள் கல்கிசையிலும் கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறின. வாசலில் கடல் இருந்தும், கடல் வழியே வரும் செய்தி நாட்டின் மறுகரையில் இறங்கி, தரைவழியே நாட்டைக் கடந்தே நமது வாசலுக்கு வந்து சேர்கிறது. நாம் கடைமடைக்காரர்கள். கடைமடைக்காரனுக்கே அளவுகோல் மிகுதியாகத் தேவை.

இவ்விடத்தில் நமது முகாமிலிருந்தே ஒரு குரல் எழுவதுண்டு. “அரிசி விலையும் எரிபொருள் விலையும் மக்களை வாட்டும்போது, இணைய வேகத்தைப் பற்றிப் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் சொகுசுக் கவலையல்லவா?” என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். இக்கேள்வி நேர்மையானது, ஆயினும் காலத்துக்குப் பிந்தியது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடம் எங்கே போயிற்று? இணைய வழியே போயிற்று. 2021இல் போஹிட்டியாவ என்னும் மலைக்கிராமத்துப் பிள்ளைகள், அலைவரிசை கிடைக்கும் பாறையைத் தேடி ஆசிரியையோடு காட்டினூடே ஏறிய செய்தி உலகமெங்கும் பரவியது. அவர்களின் துயரம் படம் பிடிக்கத்தக்கதாக இருந்தமையால் உலகம் பார்த்தது. வீட்டு அறையில் அமர்ந்து, ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து வரக் கேட்டு, கடைசியில் கொப்பியை மூடிவைத்த மாணவியை எவரும் படம் பிடிக்கவில்லை.

பெருந்தொற்று ஓய்ந்தது, பழக்கம் ஓயவில்லை. உயர்தர மாணவர் இன்றும் தொலைதூர ஆசிரியரின் வகுப்பை இணையத்தில் கேட்கிறார். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஆய்வுக் கட்டுரைகளை அங்கிருந்தே எடுக்கிறார். மருதமுனை நெசவாளி தன் துணியின் படத்தை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிறார். கத்தாரிலும் சவூதியிலும் உழைக்கும் தந்தை, தன் குழந்தை நடைபயில்வதைச் சின்னத் திரையிலேயே காண்கிறார். இவர்களில் எவர் சொகுசுக்காரர்? வசதி படைத்தவனுக்கு ஓர் இணைப்பு தளர்ந்தால் இன்னோர் இணைப்பு உண்டு. குறை வேகத்தின் முழுச் சுமையும் ஒற்றை இணைப்பை நம்பிய வீட்டின் தலையிலேயே விழுகிறது. இது வர்க்கப் பிரச்சினையல்லாமல் வேறென்ன?

நம்மிடம் முறைப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. தேநீர்க் கடையில் முறையிடுகிறோம். அயல் வீட்டாரிடம் முறையிடுகிறோம். வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, இசை கேட்டுக் காத்திருந்து முறையிடுகிறோம். “உங்கள் ரூட்டரை அணைத்துப் போடுங்கள்” என்ற விடை வருகிறது. அணைத்துப் போடுகிறோம். மறுநாளும் அதே கதை. ஒவ்வொரு வீடும் தனித்தனியே தோற்கிறது. காரணம் யாது? நம்மிடம் கோபம் இருக்கிறது, ஏடு இல்லை. “நேற்று மெதுவாக இருந்தது” என்பது ஒரு மனிதரின் அபிப்பிராயம். “ஓராண்டாக இரவு ஒன்பது மணிக்கு இந்த வட்டாரத்தில் கிடைத்த வேகம் இவ்வளவே” என்பது சாட்சியம். அபிப்பிராயத்தை அலட்சியம் செய்யலாம். திகதியும் நேரமும் இட்ட சாட்சியத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

பிற நாடுகளில் இந்த உண்மை சட்டமாகவே மாறியிருக்கிறது. பிரித்தானியாவில், பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே போதும், அந்த வேகத்தை ‘வரை’ என்று விளம்பரம் செய்யலாம் என்ற நிலை இருந்தது. 2018 மே மாதம் விதி மாறிற்று. இரவு எட்டு முதல் பத்து மணி வரையான நெருக்கடி வேளையில், வாடிக்கையாளருள் பாதிப்பேருக்காவது கிடைக்கும் வேகத்தையே விளம்பரம் செய்ய வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, நிலையான இணைப்பின் ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகத்தையும், வழமையாகக் கிடைக்கும் வேகத்தையும் எழுதும்படி பணித்தது. ஜெர்மனியிலோ 2021 டிசம்பர் முதல், வாடிக்கையாளர் அரசின் அளவைக் கருவியால் மூன்று நாட்களில் முப்பது முறை அளந்து குறைவை நிறுவினால், கட்டணத்தைக் குறைக்கும்படி கேட்க உரிமை உண்டு. முப்பது அளவீடுகள் அங்கே பணமாக மாறுகின்றன. அங்குள்ள மக்களின் கோபம் நமது கோபத்தைவிடப் பெரிதென்று எண்ண வேண்டாம். அது எண்களாக எழுதப்பட்டது என்பதே வேறுபாடு.

நமது மண்ணுக்கும் இம்முயற்சி அந்நியமன்று. 2008ஆம் ஆண்டளவில் கொழும்பிலிருந்து இயங்கும் லேர்ன்ஏசியா ஆய்வு நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆய்வுக்குழுவும் கூடி ஓர் அளவைக் கருவியை உருவாக்கின. அசோகன், திஸ்ஸன் என்ற இரு நாட்டு மன்னர்களின் பெயரை அதற்கு இட்டனர். ஒரே இணைப்பை நாளின் பல வேளைகளில் அளப்பதும், நிறுவனத்தின் சொந்த வலைக்குள் ஒரு வேகம், நாட்டுக்குள் ஒரு வேகம், கடல் கடந்தால் ஒரு வேகம் என்று பிரித்துக் காட்டுவதும் அதன் நோக்கம். அப்பாடத்தை நாம் கைக்கொள்ள வேண்டும்.

எப்படிக் கைக்கொள்வது? ஆசிரியரும் மாணவரும் மனம் வைத்தால் ஒரு பாடசாலைக் கொப்பி போதும். சோதனைக்கும் தரவு செலவாகும். செக்கனுக்கு 50 மெகாபிட் ஓடும் இணைப்பில் பத்துச் செக்கன் சோதனை 60 மெகாபைட்டுக்கு மேல் விழுங்கிவிடும். ஆகவே சுமையைப் பகிர வேண்டும். ஒரு வட்டாரத்தில் பதினான்கு வீடுகள் சேரட்டும். வீட்டுக்கு வாரம் ஒரு நாள். அந்த நாளில் காலை 6, பிற்பகல் 2, இரவு 9 என மூன்று முறை அளக்கட்டும். அடுத்த வாரம் நாள் மாறட்டும். ஓராண்டில் 2,184 அளவீடுகள் திரண்டுவிடும். திகதி, நேரம், இறங்கு வேகம், ஏறு வேகம், தாமதம், இணைப்பின் வகை, வாக்களிக்கப்பட்ட வேகம், தரவு எல்லை முடிந்துவிட்டதா என்பவை எழுதப்பட வேண்டும். பெயரும் தொலைபேசி இலக்கமும் வேண்டியதில்லை. வட்டாரத்தின் பெயர் போதும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, கோபம் வந்த வேளையில் மட்டும் அளக்கலாகாது. அப்படி எழுதிய ஏட்டை எதிராளி ஒரே வாக்கியத்தில் கிழித்துவிடுவார். குறித்த வேளையில், நன்றாக ஓடும் நாளிலும் அளக்க வேண்டும். இரண்டாவது, இணைப்பு அறுந்த நாளைப் பூச்சியம் என்று எழுதியே தீர வேண்டும். இணைப்பே இல்லாதபோது சோதனை நடவாது. நடவாத சோதனை கணக்கில் ஏறாது. ஆகவே மோசமான நாட்கள் ஏட்டிலிருந்து தாமாகவே மறைந்து, மிஞ்சியவை அழகாகத் தோன்றும். மூன்றாவது, சோதனை நிலையம் அந்த நிறுவனத்தின் சொந்த வலைக்குள்ளேயே இருந்தால், தலைமடையில் நின்று நீரை அளந்ததாகவே முடியும். உள்நாட்டு நிலையம் ஒன்றையும் வெளிநாட்டு நிலையம் ஒன்றையும் மாறிமாறிச் சோதித்து, எது எதுவென்று குறித்தல் வேண்டும்.

“குறை உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கிறது” என்று நிறுவனங்கள் சொல்லும். பல வேளைகளில் அது உண்மையும் கூட. தடித்த சுவரும் பழைய கைத்தொலைபேசியும் வேகத்தைத் தின்பவைதாம். ஆகவே இயன்ற இடங்களில் ரூட்டரிலிருந்து நேரே கம்பி இணைத்து அளப்போம். இயலாத இடங்களில் அதனையும் எழுதுவோம். அதன் பிறகும் காலை ஆறு மணிக்கு ஒரு வேகமும் இரவு ஒன்பது மணிக்கு வேறொரு வேகமும் தோன்றினால், சுவர் இரவில் மட்டும் தடித்துவிட்டதா என்று கேட்போம்.

ஏடு மட்டும் வேகத்தைக் கூட்டிவிடாது. அதனை ஏந்திச் செல்லும் கைகளும் வேண்டும். 1996ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தோன்றிய தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தல் ஆணைக்குழுவுக்கு, சேவையின் தரத்திலும் கட்டணத்திலும் பாவனையாளரின் நலனைப் பேணும் கடமையைச் சட்டமே விதித்திருக்கிறது. அதன் முன் நமது கோரிக்கைகள் மூன்று. இணைய ஒப்பந்தங்களில் நெருக்கடி வேளையின் குறைந்தபட்ச வேகம் எழுதப்பட வேண்டும். பிரதேச செயலாளர் பிரிவுவாரியாக, வேளைவாரியாக அளவீடுகள் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடப்பட வேண்டும். வாக்குறுதி தொடர்ந்து பொய்த்தால், கட்டணம் குறைய வேண்டும். கம்பி அரசின் கையில் இருந்தாலும் தனியார் கையில் இருந்தாலும் இக்கோரிக்கைகள் மாறா. அளக்கப்படாத சேவை எவர் கையிலும் ஏழையின் பக்கம் சாய்வதில்லை.

இம்முயற்சிக்குக் கல்முனைக் கரையே பொருத்தமான இடம். மருதமுனை தொடங்கி அக்கரைப்பற்று வரை பாடசாலைகள் நெருங்கி நிற்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே கோபுரத்தின் கீழ் வாழ்கின்றனர்; கோபுரம் ஆளைப் பார்த்து வேகம் தருவதில்லை. எல்லைகளையும் செயலகங்களையும் பற்றிப் பிணங்கி நிற்கும் நமது ஊர்கள், சேர்ந்து எழுதக்கூடிய கணக்கு ஒன்றேனும் இருக்கிறதென்றால், அது சிறிய நன்மையன்று. கணித ஆசிரியர் இடைநிலை எண் காண்பதைக் கற்பிக்க உதாரணம் தேடி அலைய வேண்டாம். வகுப்பின் சொந்த ஏடே உதாரணமாகும். தான் வாங்குவது எவ்வளவு என்று அளந்தறிந்த மாணவன், நாளை தன் கூலியையும் தன் வாக்குச்சீட்டின் பயனையும் அளக்கக் கேட்பான்.

வயலில் நீர் முறை தவறினால் வட்டவிதானையிடம் கணக்குக் கேட்கத் தெரிந்த மக்கள் நாம். இந்த வாய்க்காலுக்கு இன்னும் வட்டவிதானை இல்லை. அடுத்த தவணை தொடங்கும் நாளில் ஒரு வகுப்பாவது புதுக் கொப்பியில் திகதியிட்டு, நேரமிட்டு, முதல் எண்ணை எழுதட்டும்.