பூசணம் பிடித்த சோளம் கோழிக்கா?

வீட்டுக் கோழிக்கு எது தீனி? மிஞ்சியது எல்லாம் தீனி!

புழுத்த அரிசி, பூசணம் பிடித்த சோளம், சிக்கு வாடை அடிக்கும் புண்ணாக்கு. மனிதன் வாயில் வைக்க முடியாததை எல்லாம் கோழி முன்னால் கொட்டுகிறார்கள். "கோழிதானே! அது எதையும் கொத்தித் தின்னும்" என்கிறார்கள்.

கொத்தித் தின்னும். உண்மைதான். ஆனால், அந்தக் கோழியைத் தின்னப் போவது யார்?

மகளும் மாப்பிள்ளையும் ஊரிலிருந்து வருகிறார்கள். பஞ்சாரத்தைத் தூக்கிக் கொழுத்த சேவலைப் பிடிக்கிறார்கள். குழம்பு கொதிக்கிறது. தொடைக் கறி மாப்பிள்ளைக்கு. ஈரல் யாருக்கு? பேரக் குழந்தைக்கு! "மெத்தென்று இருக்கும், எலும்பு கிடையாது, இரத்தம் ஊறும்" என்று பாட்டி பிசைந்து ஊட்டுகிறாள்.

ஈரல் நல்ல உணவுதான். ஆனால், தீனியோடு உள்ளே போகும் நஞ்சை முறிக்கப் பாடுபடும் உறுப்பும் அதுதான். முறிக்க முடியாமல் போனதில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். மிஞ்சியது என்று கோழிக்குப் போட்டது, சுற்றிக்கொண்டு குழந்தையின் வாய்க்கே வந்து சேருகிறது.

செத்து விழுந்த வான்கோழிகள்

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்தது இது. பண்ணைகளில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு லட்சத்துக்கு மேல்! என்ன நோய் என்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் தீனியைப் பிடித்தார்கள். பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தது. அந்தப் பூசணம் கக்கிய நஞ்சுக்கு 'அஃப்ளடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள்.

இந்த நஞ்சு வேக வைத்தாலும் போகாது. கழுவினாலும் போகாது. மனித உடம்பில் நாள்பட்டுச் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். கொஞ்சமாகத் தின்ற கோழி உடனே சாவதும் இல்லை. இறகு சிலிர்த்து, எடை ஏறாமல் திரியும். "சவலைக் கோழி, அறுத்துவிடலாம்" என்று முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்!

மழைக் காலத்தில்தான் ஆபத்து அதிகம். மக்காச்சோளமும் புண்ணாக்கும் ஈரம் பட்டால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். நன்றாகக் காய வைக்க வேண்டும். மூட்டையைத் தரையில் போடாமல் பலகை மேல் ஏற்ற வேண்டும். பூசணம் பிடித்துவிட்டால் குழி தோண்டிப் புதைப்பதே சரி. ஒரு படி சோளம் போனால் போகட்டும்!

மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

கெட்டுப்போன தீனிக்குப் பயந்து கடைத் தீவனம் வாங்குபவர்கள் உண்டு. கடைத் தீவனம் என்றாலே விஷம் என்று அலறுபவர்களும் உண்டு. கறிக்கோழிக்கு ஊசி போட்டுத்தான் ஊத வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அது வெறும் வதந்தி. ஆறு வாரத்தில் 2 கிலோ வருவது அந்த இனத்தின் குணத்தாலும் தீவனத்தின் சத்தாலும்தான். குஞ்சுகளுக்கு நல்ல தீவனம் வேண்டும். வெறும் குருணையை மட்டும் தின்று வளரும் குஞ்சு தேறாது.

ஆனால், எந்தத் தீவனம் என்று பார்க்க வேண்டாமா? சில குஞ்சுத் தீவனங்களில் இரத்தக் கழிச்சல் வராமல் இருக்க மருந்து கலந்திருப்பார்கள். அப்படிப்பட்ட மருந்துகளில் சிலவற்றை, அறுப்பதற்குச் சில நாட்கள் முன்பே நிறுத்திவிட வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மூட்டையிலோ அதில் தைத்திருக்கும் சீட்டிலோ அது எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டியாவது அதைப் படித்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் இருந்தால் பள்ளிக்குப் போகும் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்லலாம். சீட்டே இல்லாமல் சில்லறையாக அளந்து கொடுக்கும் தீவனமா? வாங்காமல் இருப்பது நல்லது.

முட்டைக் கோழித் தீவனம் மலிவாகக் கிடைத்தது என்று வளரும் குஞ்சுகளுக்குப் போடுவது இன்னொரு தவறு. அதில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு வரை இருக்கும். குஞ்சுக்கு 1 பங்கு போதும். கூடுதலாகப் போனால் சிறுநீரகம் கெடும்.

கோழிக்கு மருந்து கொடுப்பது உலகமெங்கும் பெரிய விவாதம். கோழி சீக்கிரம் வளர வேண்டும் என்பதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்து கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் அடியோடு நிறுத்தியது. 'கோலிஸ்டின்' என்ற மருந்தைக் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று இந்திய அரசு 2019இல் தடை போட்டது. வேறு எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகளைக் கொல்ல, மனிதருக்கென்று கைவசம் வைத்திருக்கும் கடைசி மருந்துகளில் அது ஒன்று. அதைக் கோழித் தீவனத்தில் வீணடித்தால், ஆஸ்பத்திரியில் கிடக்கும் நோயாளிக்கு எதைக் கொடுப்பது?

தீபாவளி நெருங்கும்போது வேறொரு கூத்து நடக்கிறது. மருந்துத் தீவனத்தை அள்ளிப் போட்டு எடை ஏற்றிவிட்டு, "தானியம் தின்ற வீட்டுக் கோழி" என்று சொல்லி இரட்டை விலை வாங்குகிறார்கள். கடைத் தீவனம் போட்டது குற்றமல்ல. மருந்துக்குரிய நாள் கழியும் முன் விற்பதும், விற்கும்போது பொய் சொல்வதும்தான் குற்றம்.

கடைசி இரண்டு வாரம்

அறுக்க வேண்டிய கோழியை இரண்டு வாரம் முன்பே தனியாக ஒதுக்கிவிட்டால் தொல்லை இல்லை. கம்பு, சோளம், உடைத்த மக்காச்சோளம், கொஞ்சம் கீரை. இவை போதும். மக்காச்சோளம் தின்றால் கொழுப்பு மஞ்சளாகும். குழம்பில் அந்த நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சாணமும் கிழிந்த சாக்கும் அடைத்த பானையை இரவில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் ஏறியிருக்கும். காசில்லாத புரதம்! கருவாட்டுத் தூளை மட்டும் நிறுத்திவிட வேண்டும். இல்லையென்றால் கோழிக் கறியில் மீன் வாடை அடிக்கும். உப்புப் பிடித்த ஊறுகாய், கெட்ட கருவாடு பக்கமே கோழியை விடக்கூடாது. அதிக உப்பு கோழியைக் கொன்றுவிடும்.

கடைசித் தீனிக்குப் பிரான்சு நாட்டில் அவ்வளவு மதிப்பு! அங்கே பிரெஸ் என்ற பகுதியின் கோழிக்கு 1957இல் தனிச் சட்டமே போட்டார்கள். அறுப்பதற்கு முன் சில நாட்கள் அதை மரக் கூண்டில் வைத்து, தானியமும் பாலும் கொடுத்துக் கொழுக்க வைப்பார்கள். இங்கே சோளத்தை மோரில் ஊற வைத்துப் போட்டுப் பார்த்தால் என்ன?

அறுப்பதற்கு முதல் நாள் மாலையோடு தீனியை நிறுத்த வேண்டும். "சாகப் போகிற உயிர், வயிறாரத் தின்னட்டும்" என்று இரவில் அள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பரிவுதான். ஆனால் இரைப்பையும் குடலும் நிறைந்திருந்தால் அறுக்கும்போது கிழிந்து கறியெல்லாம் அசுத்தமாகும். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தீனி இல்லாமல் இருந்தால் போதும். தண்ணீர்ச் சட்டியை மட்டும் எடுக்கக் கூடாது. அது விடியும் வரை கூண்டிலேயே இருக்கட்டும்.