ஏலத்துக்கு முன்னால் வளரும் அணி



2024 அக்டோபரில் ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்தது. ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் கையில் 4 கோடி ரூபாய். எடுக்க வேண்டியது 24 பேர். அதில் 8 பேர் வெளிநாட்டவர். இந்தியர்களில் 4 பேராவது இளையோர். நம் தமிழ்நாடு டிராகன்ஸ், அமித் ரோஹிதாஸை 48 லட்சத்துக்கு எடுத்தது. தவறில்லை, அனுபவம் வேண்டும்.

ஆனால் பெயரில் தமிழ்நாடு இருக்கும்போது, அந்த நான்கு இளையோர் இடங்களாவது நம் பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. "தகுதியான பையன் கிடைக்கவில்லையே" என்பார்கள். தகுதி ஏலத்தில் கிடைப்பதில்லை. போட்டி இல்லாத மாதங்களில் மைதானத்தில் வளர்கிறது. டிராகன்ஸ் அணியில் ஆடிய கார்த்தி செல்வம் அரியலூர்க்காரர். கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர்.

நம் கோவளத்தையே பாருங்கள். வாசலில் அலை, சொல்லித்தர அண்ணன்மார். மீனவப் பிள்ளைகள் அலைச்சறுக்கில் பெயர் வாங்குகிறார்கள். ஹாக்கிக்கும் அதே கணக்குதான்.

சீசன் முடிந்ததும் அணிக்காரர்கள் மாவட்டம் மாவட்டமாக முகாம் நடத்தட்டும். நல்ல நிலையில் இருக்கும் என் மாணவர்களே, நீங்கள் படித்த பள்ளிக்குப் பத்து ஹாக்கி மட்டை வாங்கிக் கொடுங்கள். அணி அங்கேதான் தொடங்குகிறது.