வேகத்தைக் கூட்டும் முன் பழுதைக் கண்டறியப் பழகுவோம்

கணினி ஆர்வமுள்ள மாணவர்கள் என்னைப் பார்த்தால் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இந்தச் செயலியை ஓவர்கிளாக் செய்ய முடியுமா?" என்பதுதான். அசாம் ஜாவா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத்து மாணவர்களின் கணினிகளைப் பல ஆண்டுகளாகத் திறந்து பார்த்து வருபவன் நான். என் பதில் எப்போதும் ஒன்றே: முதலில் பழுதைக் கண்டறியக் கற்றுக்கொள்ளுங்கள், வேகம் பிறகு வரட்டும்.

காரணம் இருக்கிறது. செயலியின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 40 என்றால் வேகம் 4 கிகாஹெர்ட்ஸ். பெருக்கியை 44 ஆக்கினால் 4.4 கிகாஹெர்ட்ஸ். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், அந்த வேகத்தில் தடுமாறாமல் ஓட, பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். செயலி பயன்படுத்தும் மின்திறன் துடிப்பு வேகத்தோடு உயர்கிறது. மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் உயர்கிறது. இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் 1.1 ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 1.33. அதாவது, 10 விழுக்காடு வேகத்திற்காக ஏறத்தாழ 33 விழுக்காடு கூடுதல் வெப்பம்.

அந்த வெப்பத்தை வெளியேற்றுவதுதான் நம் ஊரில் சிரமம். வெளிநாட்டுக் காணொளிகளில் அறை வெப்பம் 20 பாகை. நம் வீட்டு முன்னறையில் பிற்பகல் இரண்டு மணிக்கு 32 பாகை. அந்த 12 பாகை வேறுபாடு ஏறக்குறைய அப்படியே செயலியின் மேல் ஏறும். அளவு மீறிச் சூடானால் இன்றைய செயலிகள் தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கூட்டிய வேகம் நம் கைக்கு எட்டாமலே போய்விடும்.

ஒரு காலத்தில் ஓவர்கிளாக்கிங் பெரும் இலாபம் தந்தது உண்மை. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற மலிவுச் செயலியை, 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்கு உயர்த்திப் பலர் பயன்படுத்தினார்கள். இன்று தயாரிப்பாளர்களே செயலியை அதன் எல்லைக்கு அருகில் ஓட்டித்தான் விற்கிறார்கள். நாம் கூட்டுவதற்கு மிச்சம் வைத்திருப்பது கொஞ்சமே. மின்னழுத்தம் மிகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் செயலிகள் சில, மிகையான மின்னழுத்தத்தால் நிலையற்றுப் போயின. 2024இல் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மாணவர்கள் பலரிடம் இருப்பது அலுவலகங்கள் கழித்த பழைய கணினி. அப்பா 'ஓவர்டைம்' செய்து வாங்கித் தந்தது. இன்டெலில் பெயரின் முடிவில் 'கே' எழுத்துள்ள செயலியும் 'செட்' வகைத் தாய்ப்பலகையும் சேர்ந்தால்தான் பெருக்கியை வழக்கமாகக் கூட்ட முடியும். அலுவலகக் கணினிகளில் அந்தச் சோடி அரிது. அந்த ஒரு கணினியை நம்பித்தான் எஸ்.பி.எம். பயிற்சியும் தம்பி தங்கைகளின் வீட்டுப்பாடமும் நடக்கின்றன. அதை வைத்துச் சூதாட வேண்டுமா?

பழைய கணினியை வேகமாக்க வேறு வழிகள் உண்டு. காற்றாடியில் அடைந்த தூசியை அகற்றி, செயலியின் மேல் காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுங்கள். சுழலும் வன்தட்டு இருந்தால் எஸ்.எஸ்.டி. போடுங்கள். ஒற்றை ரேம் இருந்தால் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைத் தடத்தில் ஓட்டுங்கள். இவை தரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும்; ஆபத்தும் மிகக் குறைவு.

அடுத்து, கணினி உயிர் பெறாமல் போனால் உடனே "மதர்போர்டு போச்சு" என்று முடிவு கட்டுவது. என் அனுபவத்தில், அப்படிச் சொல்லிக் கொண்டுவரப்பட்டவற்றில் பல தாய்ப்பலகைகள் நலமாகவே இருந்தன. ரேமைக் கழற்றி, தொடுமுனையைத் துடைத்து மீண்டும் பொருத்தியதும் சில எழுந்தன. சிலவற்றில் சி.ஆர்.2032 என்ற மூன்று வோல்ட் வில்லை மின்கலம் தீர்ந்திருந்தது. இடி மின்னலுக்குப் பெயர்போன நம் நாட்டில், மழை மாலையில் செருகியைப் பிடுங்காததால் மின்வழங்கி மட்டும் கருகியவையும் உண்டு.

முறையாகத் தேடினால் பழுது சிக்கும். மின் இணைப்பைத் துண்டித்து, தேவையற்ற பாகங்களை எல்லாம் கழற்றிவிடுங்கள். செயலி, அதன் காற்றாடி, ஒரே ஒரு ரேம், மின்வழங்கி மட்டும் இருக்கட்டும். 'பீப்' ஒலியையும் தாய்ப்பலகையின் குறிவிளக்குகளையும் கவனியுங்கள். மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. மின்சாரம் துண்டித்த பிறகும் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும்.

ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை மாற்றாமல் வைப்பது தமிழ்ப்பள்ளி அறிவியலில் படித்த தற்சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறிதானே! தேர்வுத்தாளில் மனனம் செய்து எழுதிய பாடம், ஒரு திருப்புளியும் செத்துப்போன கணினியும் கையில் கிடைத்தால்தான் புத்தியில் உறைக்கிறது. ஆகவே பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உதவாத பழைய கணினி ஒன்றைப் பிள்ளைகள் பிரித்துப் பார்க்க விடுங்கள். ஓவர்கிளாக் செய்தே ஆக வேண்டும் என்போரும் அதில் முயன்று பார்க்கட்டும்.

கணினிப் படிப்பு என்றால் பட்டமும் குளிரூட்டிய அறையும்தான், திருப்புளி பிடிப்பது தாழ்ந்த வேலை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. தோட்டத்துப் பட்டறைகளில் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாறைச் சொன்ன நம் தாத்தாக்களை அது மறந்துவிடுகிறது. இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் 1970களின் தொடக்கத்திலேயே பினாங்கில் தொழிற்சாலை தொடங்கின. சில்லுகளைச் சோதித்துப் பழுதைப் பிரித்தெடுப்பது அரை நூற்றாண்டாக இந்நாட்டின் தொழில். நம் வட சிலாங்கூரிலேயே, சபாக் பெர்ணம் மாவட்டத்தில், சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக் இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்தவர்கள் மின், மின்னணுத் துறையை இரண்டாம் தேர்வாக எண்ணாமல் முதல் தேர்வாகவே எண்ணிப் பார்க்கலாம்.

வேகமான கணினி சில ஆண்டுகளில் பழசாகிவிடும். பழுதைக் கண்டறியத் தெரிந்த மூளைக்கு அந்தக் கவலை இல்லை. மாணவர்களே, இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு திருப்புளியும் ஒரு குறிப்பேடும் எடுத்து உட்காருங்கள்.