மஞ்சள் அட்டைக்காரர்கள்

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கிரிமினல் கோர்ட்டில், பார்வையாளர் வரிசையில் மஞ்சள் கிளிப்போர்டோடு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். நாம் பரீட்சைக்குக் கொண்டுபோவோமே, அதே மாதிரி அட்டைதான். இவர்கள் வக்கீல்கள் அல்ல, நிருபர்களும் அல்ல. 2007-ல் தொடங்கிய 'கோர்ட் வாட்ச் நோலா' அமைப்பின் தன்னார்வலர்கள். உள்ளே நடப்பதைக் குறித்துக்கொண்டுவந்து, அறிக்கையாக வெளியிடுகிறார்கள்.

'சும்மா உட்கார்ந்து பார்த்தால் என்ன ஆகிவிடப்போகிறது?' என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அதே கோர்ட்டின் ஜாமீன் விவகாரத்தைப் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

அங்கே கைதானவர் ஜாமீனில் வர, பல நேரம் பணம் கட்ட வேண்டும். கையில் முழுப்பணம் இல்லாதவர் பாண்ட் கம்பெனிக்குப் போவார். தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கட்டணம். நிரபராதி என்று தீர்ப்பு வந்தாலும் அது திரும்பி வராது. அதற்கும் வழியில்லாதவருக்கு ஜெயில்தான். விசாரணையே ஆரம்பிக்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்!

ஜாமீன் நிர்ணயித்துவந்த மாஜிஸ்திரேட் ஹாரி கான்ட்ரெல், 2,500 டாலருக்குக் கீழே இறங்க மாட்டார். 'உன்னால் கட்ட முடியுமா?' என்ற விசாரிப்பும் கிடையாது. ஏன் இந்தப் பிடிவாதம்?

பாண்ட் கம்பெனி மூலம் ஒருவர் வெளியே வந்தால், ஜாமீன் தொகையில் 1.8% கோர்ட்டின் செலவு நிதிக்குப் போகும். 2,500 டாலருக்கு வெறும் 45 டாலர். ஆனால், ஆண்டு முழுக்கச் சேர்த்தால், அந்தக் கோர்ட் நிதியில் 20 முதல் 25 சதவிகிதம்! ஜட்ஜின் சொந்தப் பையில் ஒரு காசும் விழவில்லை, உண்மைதான். ஆனால், ஊழியர் சம்பளம் முதல் ஆபீஸ் செலவு வரை அதிலிருந்துதான். அந்த நிதியை நிர்வகிப்பதும் ஜட்ஜுகளேதான். பணம் வாங்காமல் ஒருவரை விட்டால் கோர்ட்டுக்கு நஷ்டம் என்ற நிலையில், நடுநிலையை எங்கே தேடுவது?

கைதான இருவர் வழக்குப் போட்டார்கள். இந்த ஏற்பாடு அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2018-ல் ஃபெடரல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2019-ல் அப்பீல் கோர்ட்டும் அதை உறுதிசெய்தது.

இந்த வழக்கில் வெளியே வந்த இன்னொரு விஷயம்தான் என்னை உறுத்தியது. தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட இலவச வக்கீல்களை, 'கோர்ட் அவமதிப்பு' என்று சில நேரம் அந்த மாஜிஸ்திரேட் மிரட்டியிருக்கிறார். மறுநாளும் அவர் முன்னால்தானே அந்த வக்கீல் போய் நிற்க வேண்டும்? எவ்வளவு தூரம் முறைத்துக்கொள்ள முடியும்?

பின்வரிசை மஞ்சள் அட்டைக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. அவருக்கு அங்கே கேஸே கிடையாது.